தமிழ்ச் சங்கங்கள் எழுதிய வரலாறு: வேளிர் விவாதத்தை முன்வைத்து

தமிழ்ச் சங்கங்களைப் பற்றிப் பேச்சு எடுத்தால் பெரும்பாலும் இரண்டு விதமான பேச்சுத்தான் காதில் விழும். ஒன்று மேடைப் பேச்சு: பாண்டித்துரைத் தேவர் இல்லாவிட்டால் தமிழ் என்ன ஆகியிருக்கும் என்பது. இன்னொன்று கேலி: ஜமீன்தாரும் பண்டிதரும் சேர்ந்து நடத்திய பழம்பெருமைக் கச்சேரி, அவ்வளவுதான் என்பது. நான் ரொம்ப நாளாக இரண்டாவது கட்சிக்காரன். பேச்சில் மட்டுமல்ல, எழுத்திலும் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். இப்போது அந்தக் கருத்தைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்குக் காரணமாக இருந்தது ஒரு பழைய சண்டை. வேளிர் எங்கிருந்து வந்தார்கள் என்கிற சண்டை.

முதலில் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன்.

மதுரைத் தமிழ்ச் சங்கம் 1901 செப்டம்பரில் தொடங்கியது. தொடங்கியவர் பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். மதுரைக்குச் சொற்பொழிவாற்ற வந்தபோது கம்பராமாயணமும் திருக்குறளும் கேட்டார், ஊரில் சட்டென்று கிடைக்கவில்லை, அந்த வருத்தத்தில்தான் சங்கம் வைத்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, பின்னால் நின்ற பணமும் செல்வாக்கும் உண்மை. உறவினரான இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதியின் ஆதரவு இருந்தது. விவேகானந்தர் சிகாகோ போக உதவியவர் என்று நமக்குத் தெரிந்த அதே சேதுபதிதான். சங்கத்தோடு சேதுபதி செந்தமிழ்க் கலாசாலை, பாண்டியன் புத்தகசாலை, அச்சுக்கூடம் எல்லாம் வந்தன. ஒன்றிரண்டு ஆண்டுக்குள் ‘செந்தமிழ்’ என்ற மாத இதழும் வந்தது. முதல் ஆசிரியர் ரா. இராகவையங்கார், அடுத்து மு. இராகவையங்கார். சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’யை 1910ல் வெளியிட்டதும் இந்தச் சங்கம்தான். 1906ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது அதற்குத் தலைவராக இருந்தவரும் பாண்டித்துரைத் தேவர். ஆக, பொழுது போகாத ஜமீன்தார் என்று சொல்லி அவரை ஒதுக்கிவிட முடியாது.

சங்கத்துக்கு வைத்த பெயரைக் கவனிக்கணும். நான்காம் தமிழ்ச் சங்கம். இறையனார் அகப்பொருள் உரை சொல்லும் கதையில் மூன்று சங்கங்கள். முதல் சங்கம் 4,440 ஆண்டு, இடைச்சங்கம் 3,700, கடைச்சங்கம் 1,850. கூட்டினால் 9,990 வருகிறது. இந்தக் கணக்கை வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது என்று 1932ல் கே.என். சிவராஜ பிள்ளை தன் ஆங்கில நூலில் வாதிட்டார். ஆனால் 1901லேயே மதுரைக்காரர்கள் ‘நான்காம்’ என்ற ஒரே சொல்லில் விஷயத்தை முடித்துவிட்டார்கள். நான்காவது என்று சொன்னவுடன் முதல் மூன்றும் நடந்தவை ஆகிவிடுகின்றன. நடுவில் இத்தனை நூற்றாண்டுகள் சங்கமே இல்லையே என்ற கேள்வி, கொஞ்ச நாள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்த மாதிரி, சாதாரணமாகிவிடுகிறது. வாதம் செய்து நிறுவ முடியாத ஒன்றைப் பெயர்ப்பலகை நிறுவியது. இது பற்றிய என் பழைய விமரிசனத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை.

மாற்றிக்கொண்டது சங்கத்தின் தேர்வுகளைப் பற்றித்தான். பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்று மூன்று படியாகச் சங்கம் தேர்வு நடத்தியது. பாடத்திட்டம், வினாத்தாள், பட்டம் எல்லாம் பல்கலைக்கழகத்தைப் பார்த்துச் செய்த நகல் என்று முன்பு நினைத்தேன். நகல்தான். ஆனால் அதற்கு முன்னால் ஒருவர் தமிழ்ப் புலவர் ஆவது எப்படி? ஒரு மடத்தையோ ஆசிரியரையோ அண்டி, பல வருஷம் அடக்கமாக இருந்து, ஏடு படித்து, அவர் வாயால் ‘இவன் தேறிவிட்டான்’ என்று வரணும். உ.வே.சா. மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்த கதை நமக்குத் தெரியும். ஆசிரியரின் அன்பு கிடைத்தவர்களுக்கு அது சொர்க்கம். கிடைக்காதவர்களுக்குக் கதவு திறக்காது. தேர்வு வந்த பிறகு, வீட்டில் உட்கார்ந்து தானே படித்தவனும் வந்து எழுதலாம் என்று ஆகிறது.

அப்படி வந்து எழுதியவர் ந.மு. வேங்கடசாமி நாட்டார். தஞ்சைப் பக்கம் நடுக்காவேரிக்காரர். பெரிய ஆசிரியர் யாரிடமும் முறையாக இருந்து படிக்காமல், பெரும்பாலும் தானாகவே படித்தவர். மூன்று தேர்வுகளையும் முதல் தரத்தில் தேறி, பாண்டித்துரைத் தேவர் கையால் தங்கத் தோடா வாங்கினார். பிறகு திருச்சியில் பிஷப் ஹீபர் கல்லூரியிலும், அதன்பின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ் ஆசிரியர். சங்கம் என்ன செய்தது என்று கேட்டால் இப்போது நான் முதலில் சொல்வது இதைத்தான். அது தன்னை மறுத்துப் பேசக்கூடிய ஒருவரை உருவாக்கியது. எப்படி மறுத்தார் என்பதற்கு வருகிறேன்.

மு. இராகவையங்கார் ‘வேளிர் வரலாறு’ என்று ஒரு நூல் எழுதினார். புறநானூறு உ.வே.சா. பதிப்பில் முதன்முதலாக அச்சேறியது 1894ல். பதிப்பு வந்து ஏறத்தாழ இருபது ஆண்டுக்குள்ளேயே, அதில் சிதறிக் கிடக்கும் பாரி, ஆய், எவ்வி, இருங்கோவேள் போன்றவர்களை ஒன்றாகச் சேர்த்து, வேளிர் என்ற தலைவர் குடிகளின் வரலாறு என்று வரிசைப்படுத்திப் பார்த்த ஆரம்ப முயற்சி அது. கணினித் தேடல் இல்லாத காலத்தில், பாட்டுப் பாட்டாகத் திரட்டிய உழைப்பு. இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது.

அவருடைய முடிவுதான் இன்றைக்கு நமக்கு ஆச்சரியம் தரும். வேளிர் வடக்கே துவாரகையிலிருந்து வந்தவர்கள் என்கிறார். ஆதாரம் இரண்டு. ஒன்று, புறநானூற்றில் கபிலர் பாட்டு. பாரி இறந்தபின் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு கபிலர் இருங்கோவேளிடம் போகிறார். இவர்களை மணந்துகொள் என்று கேட்கிறார். கேட்கும்போது அவன் குலத்தைப் புகழ்கிறார்: வடக்கே ஒரு முனிவனின் வேள்விக் குண்டத்தில் தோன்றி, துவரை என்ற ஊரை ஆண்டு, நாற்பத்தொன்பது தலைமுறையாக வந்த குலம் என்று. இரண்டாவது ஆதாரம், தொல்காப்பியப் பாயிரத்துக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரை. அகத்தியர் துவாரகை போய், கண்ணன் வழியினரையும் பதினெண்குடி வேளிரையும் கூட்டிக்கொண்டு தெற்கே வந்து காடு திருத்திக் குடியேற்றினார் என்று அதில் ஒரு கதை வருகிறது.

இங்கே கொஞ்சம் நிற்கணும். தமிழ் அடையாளத்தின் தொட்டில் என்று நாம் சொல்லும் சங்கத்தைச் சேர்ந்த ஆசிரியர், பாரியின் குலத்தைக் கண்ணனின் ஊரிலிருந்து கொண்டு வருகிறார். அவருக்கு அதில் எந்தக் கூச்சமும் இல்லை. தமிழுக்கு அது இழுக்கு என்றும் அவர் நினைக்கவில்லை. ஏன் நினைக்கவில்லை என்றால், வடக்கு-தெற்கு என்கிற கோடு அன்றைக்கு எல்லோர் மனசிலும் ஒரே இடத்தில் போடப்படவில்லை. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856லேயே வந்துவிட்டது, உண்மை. ஆனால் ஒரு புத்தகம் வந்த தேதியும் அது எல்லோர் புத்தியிலும் குடியேறிய தேதியும் ஒன்றல்ல. மதுரைச் சங்கத்தின் தமிழ், மகாவித்துவான்களின் தமிழ். வடமொழியும் தெரிந்திருப்பதை அவர்கள் பெருமையாகவே கருதினார்கள். ‘சங்கங்கள் திராவிட அடையாளத்தை உருவாக்கின’ என்று ஒரு வரியில் எழுதிவிடுகிறோமே, அந்த வரி மதுரைக்குப் பொருந்தாது.

நூல் மீது என் குறை வேறு. கபிலருக்கும் நச்சினார்க்கினியருக்கும் நடுவில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி. பின்னவர் சொன்னதை முன்னவருக்குச் சாட்சியாக நிறுத்துவது எப்படிச் சரியாகும்? நச்சினார்க்கினியருக்கு அந்தப் புறநானூற்றுப் பாட்டே தெரிந்திருக்கும். அப்படியானால் இரண்டு ஆதாரம் என்பது ஒரே ஆதாரத்தின் எதிரொலியாகவும் இருக்கலாம். இன்னொன்று, கபிலர் பாடியது பெண் கேட்டுப் போன இடத்தில்; இல்லை, பெண் கொடுக்கப் போன இடத்தில். சம்மதம் வாங்கப் போனவர் எதிரில் இருப்பவன் குலத்தைப் புகழாமல் என்ன செய்வார்? அவன் மறுத்தவுடன் அடுத்த பாட்டிலேயே கபிலரின் குரல் மாறிவிடுகிறது, அவனுடைய முன்னோர் காலத்துப் பழியை எடுத்துப் போடுகிறார். இதைச் சேர்த்துப் படிக்காமல் முதல் பாட்டை மட்டும் குலச் சான்றிதழாக எடுத்துக்கொண்டால் கபிலருக்கும் நியாயம் செய்தவர்கள் ஆகமாட்டோம்.

இந்த நூலை மறுத்து 1915ல் ஒரு நூல் வந்தது. ‘வேளிர் வரலாற்றின் ஆராய்ச்சி’. எழுதியவர் நமது வேங்கடசாமி நாட்டார். சங்கத் தேர்வில் தோடா வாங்கியவர், சங்க இதழின் ஆசிரியராக இருந்தவரை மறுக்கிறார். வேளிர் வெளியிலிருந்து வந்தவர்கள் என்பதை அவர் ஏற்கவில்லை. இது என்னை ஏன் பாதித்தது என்றால், குருவை மறுப்பது பழைய முறையில் குருத் துரோகமாகப் போயிருக்கும். இங்கே அது ‘ஆராய்ச்சி’ என்ற பெயரில், அச்சில், பெயர் போட்டு நடக்கிறது. பழம்பெருமைக் கச்சேரியில் இது நடக்காது.

ஆனால் கதை இங்கே சுபமாக முடியவில்லை. இருவரும் எதிரெதிர்ப் பக்கம் நின்றாலும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: எங்கிருந்து வந்தார்கள்? ஒருவருக்கு விடை துவாரகை, இன்னொருவருக்கு இந்த மண்ணே. எங்கிருந்து என்பதைக் கண்டுபிடித்துவிட்டால் யார் என்பது தெரிந்துவிடும், யார் என்பது தெரிந்தால் மதிப்பு நிலைத்துவிடும் என்ற நம்பிக்கை இருவருக்கும் பொது. அது அவர்கள் குறை மட்டுமல்ல. காலமே அப்படி இருந்தது. குடிமதிப்புக் கணக்கில் சாதிகளை வரிசைப்படுத்தினார்கள். எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள் பற்றிய ஏழு தொகுதிகள் 1909ல் வந்தன, அகர வரிசையில், ஒவ்வொரு சாதிக்கும் ஒரு தோற்றக் கதையோடு. அதிகாரி எழுதி வைக்கும் முன் நாமே எழுதிவிடணும் என்ற அவசரம் எல்லோருக்கும் இருந்தது.

சில பேருக்கு அது வெறும் கௌரவப் பிரச்சினையும் இல்லை. 1911ன் குற்றப் பரம்பரைச் சட்டம் மதுரைப் பக்கம் பிறமலைக் கள்ளர்கள் மீது பாய்ந்தது. கைரேகை வைக்கணும், இரவு காவல் நிலையத்தில் போய்ப் படுக்கணும். 1920 ஏப்ரலில் பெருங்காமநல்லூரில் எதிர்த்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 1923ல் நாட்டார் ‘கள்ளர் சரித்திரம்’ எழுதுகிறார். தான் பிறந்த சமூகத்தின் பட்டப்பெயர்கள், நாடுகள், சோழரோடு உள்ள தொடர்பு என்று போகிறது. இன்றைக்கு அதை எடுத்துப் படித்தால், இது சாதிப் பெருமை நூல்தானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் ‘பிறவியிலேயே குற்றவாளி’ என்று சர்க்கார் சட்டம் எழுதிய பன்னிரண்டு வருஷத்துக்குள் வந்த நூல் என்பதை மறந்துவிட்டு அதை மதிப்பிட முடியாது. சட்டம் ஒரு பிறப்புக் கதை சொன்னது. அவர் பதிலுக்கு இன்னொரு பிறப்புக் கதை சொன்னார். பதில் நியாயமானது; ஆனால் கேள்வியின் சட்டகத்தை உடைக்கவில்லை. பிறப்பு முக்கியம் என்பதை இரண்டுமே ஒப்புக்கொண்டன.

இந்த இடைவெளியில் சங்கங்களின் முகமும் மாறியிருந்தது. 1911 மே மாதம் தஞ்சாவூர் கரந்தையில் ஒரு தமிழ்ச் சங்கம் தொடங்கியது. தலைவர் த.வே. உமாமகேசுவரனார், வழக்கறிஞர். மதுரைக்கு ஜமீன் இருந்தது, கரந்தைக்கு ஊர்ப் பெரிய மனிதர்களும் படித்தவர்களும்தான் பலம். 1916ல் மறைமலையடிகள் தனித்தமிழ் பேச ஆரம்பித்தார். வேதாசலம் மறைமலை ஆனார், அவர் இதழ் ‘ஞானசாகரம்’ ‘அறிவுக்கடல்’ ஆனது. 1925ல் கரந்தையின் ‘தமிழ்ப்பொழில்’ வந்தபோது இந்தக் காற்று அதிலும் அடித்தது. மகாவித்துவான் என்ற பட்டம் இருந்த இடத்தில் தமிழவேள் என்ற பட்டம். ‘தமிழவேள்’ என்று உமாமகேசுவரனாரை அழைத்தார்களே, அந்த வேள் எங்கிருந்து வந்த வேள்? துவாரகை வேள் நிச்சயமாக இல்லை. நாட்டார் புத்தகத்தில் நடத்திய வாதத்தில் யார் ஜெயித்தது என்பதை அந்த ஒரு பட்டம் சொல்லிவிடுகிறது. 1937ல் கட்டாய இந்தி வந்தபோது கரந்தைச் சங்கம் எதிர்த்து நின்றது. நாட்டாரும் கடைசிக் காலத்தில் கரந்தைப் புலவர் கல்லூரியில்தான் பணியாற்றினார்.

கடல் கடந்தும் ஒரு பார்வை பார்க்கணும். ‘செந்தமிழ்’ இதழில் யாழ்ப்பாணத்து அ. குமாரசுவாமிப் புலவரும் சி. கணேசையரும் எழுதினார்கள். 1921ல் யாழ்ப்பாணத்தில் ஒரு சங்கம் வந்தது. அதன் பெயர் ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம். ஆரியம் என்றால் அங்கே வடமொழி. பிரவேசம், பாலம், பண்டிதம் என்று அதே மூன்று படித் தேர்வு. கரந்தையில் வடசொல்லைக் களைந்துகொண்டிருந்த அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் இரண்டு மொழியையும் ஒரே பெயர்ப்பலகையில் எழுதியிருக்கிறார்கள். இரண்டு இடமும் தமிழுக்காகத்தான் உழைத்தது. ஆகவே சங்கம் வைத்தாலே ஒரே வகை அடையாளம் பிறந்துவிடும் என்பது சரியில்லை. ஊரில் யார் யாரோடு போட்டி போட்டார்கள் என்பதைப் பொறுத்தது அது.

இப்போது எனக்கு முக்கியமான இடம். மேலே சொன்னதெல்லாம் மதுரை, கரந்தை, யாழ்ப்பாணம். இதே காலத்தில் சென்னை இராயப்பேட்டையில் இன்னொரு சங்கம் இருந்தது. அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கம், 1898ல் தொடங்கியது. 1907லிருந்து அவர் ஒரு வார இதழ் நடத்தினார். முதலில் ‘ஒரு பைசாத் தமிழன்’, அடுத்த ஆண்டு ‘தமிழன்’. 1914ல் அவர் இறக்கும் வரை அதில் எழுதிக் குவித்தார். குறளுக்கு உரை, ஔவைக்கு உரை, இந்த நாட்டின் வரலாறு. ஏடு, நிகண்டு, மணிமேகலை, வாய்மொழி வழக்கு எல்லாவற்றையும் கலந்து வாதிட்டார். ஆக, அச்சு இருந்தது, இதழ் இருந்தது, ஏட்டுப் புலமை இருந்தது, வரலாறு எழுதும் ஆசையும் இருந்தது. ஒரு தமிழ்ச் சங்கத்துக்கு வேண்டியது எல்லாமே இருந்தது. ஆனால் தமிழ்ச் சங்கங்களின் வரலாறு என்று நான் படித்த எதிலும் இராயப்பேட்டை வரவில்லை. அவர் எழுத்துகள் ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வழியாகத் திரும்பக் கையில் கிடைக்க 1999 ஆக வேண்டியிருந்தது.

அயோத்திதாசரின் முடிவுகளை அப்படியே ஏற்கணும் என்று நான் சொல்லவில்லை. திருக்குறள் ‘திரிக்குறள்’தான், திரிபிடகத்தின் வழிநூல் என்ற அவர் வாதத்தில் சொற்பிறப்பு இழுத்த இழுப்புக்கு வளைகிறது. துவாரகை வாதத்தைச் சந்தேகித்த அதே கண்ணால் இதையும் சந்தேகிக்கணும். அவரும் ‘ஆதியில் யார்’ என்றுதான் கேட்டார். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கு. வேளிர் விவாதத்தில் இரண்டு தரப்பும் ஒரு குலம் உயர்ந்தது என்பதை எடுத்துக்கொண்டு, அந்த உயர்வு எங்கிருந்து வந்தது என்று தேடின. அயோத்திதாசர் ஒரு மக்கள் தாழ்த்தப்பட்டதை எடுத்துக்கொண்டு, அது எப்போது, யாரால், ஏன் நடந்தது என்று தேடினார். அவர் சொன்ன விடை தவறாக இருந்தாலும், சாதி ஒரு நாளில் தொடங்கியது, அதனால் ஒரு நாளில் முடியலாம் என்பது அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. மற்ற இரண்டு பேர் கேள்விக்குள் அது இல்லை.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன்? ‘வேளிர் வரலாறு’ இன்றைக்குப் படிக்கப்படும் விதத்தைப் பார்த்துத்தான். எங்கள் சாதிதான் வேளிர் என்று சொல்ல ஒன்றுக்கு மேற்பட்ட தரப்புகள் அந்த நூலைக் கையில் எடுக்கின்றன. இராகவையங்கார் திரட்டிய பாட்டு யாருக்கும் வேண்டாம், நாட்டார் எழுதிய மறுப்பும் வேண்டாம், முடிவு மட்டும் போதும். நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சங்கத்துக்குள் நடந்த திறந்த விவாதத்திலிருந்து ஒரு பக்கத்தை மட்டும் கிழித்துச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்கிறோம்.

சங்கங்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த முடிவுகள் இல்லை என்பது என் இப்போதைய கருத்து. ஏடு தேடிய பழக்கம், பாட்டைத் திரட்டி வரிசைப்படுத்திய பழக்கம், யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று வைத்த தேர்வு, பட்டம் கொடுத்த இடத்தையே மறுத்து எழுதிய துணிச்சல் இவைதான் மிச்சம். அதோடு, அந்தக் கூடத்துக்குள் வராமல் போனவர்களின் இதழையும் அதே மேஜையில் விரித்து வைத்துப் படிக்கணும். செந்தமிழ், தமிழ்ப்பொழில், தமிழன் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பாட்டை, ஒரு குறளை மூன்று பேரும் எப்படிப் படித்தார்கள் என்று பார்த்தாலே நல்ல ஆய்வு ஒன்று கிடைக்கும். மாணவர்கள் யாராவது இதைப் படித்தால் யோசித்துப் பாருங்கள். நானும் மணிமேகலையிலிருந்து தொடங்கலாம் என்று இருக்கிறேன். மூன்று இடத்திலும் மணிமேகலையைத் தொட்டிருக்கிறார்கள். மூன்று பேர் தொட்டதும் ஒரே புத்தகம்தானா என்றுதான் சந்தேகம்.